பட்டறைப் பதில்கள்: 16 வருஷ மோட்டாரைப் பிரிப்பதா, புதுசு வாங்குவதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பம்ப்செட், மீதி பைக். நடுவில் படகு மோட்டார் பற்றிச் சில கடிதங்கள் வந்து விழுந்தன. மதுரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். தேய்ந்த உள்சுவரைக் குடைந்து சீராக்கும் 'போர்' வேலைக்கு வரும் சிலிண்டர்களில் உப்புப் பூத்தது எத்தனை என்று தெரியும். ஆகவே இந்தத் தடவை முழுக்கப் படகு மோட்டார்தான். பம்ப்செட்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, திருமங்கலத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். என் மனைவியின் தம்பி தேவிபட்டினத்தில் பைபர் வல்லத்தில் நண்டு வலை போடுகிறான். மோட்டார் 9.9 குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெட்ரோல். வாங்கி 16 வருஷம் ஆகிறது, வாங்கும்போது பாதிப் பணம் நான் போட்டது. இப்போது அரை மணி நேரம் ஓடினால் நின்றுவிடுகிறது, ஆறின பிறகுதான் கிளம்புகிறது. பழைய இழுவையும் இல்லை. முழுசாகப் பிரித்து ரீபோர் செய்ய 42,000 ஆகும் என்கிறார் அங்கே உள்ள மெக்கானிக். புதுசு ஒன்றரை லட்சத்தைத் தாண்டுமாம். மச்சான் புதுசுதான் வேண்டும் என்கிறான், மாமனார் "இது நல்ல இன்ஜின், செஞ்சு ஓட்டுங்க" என்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?
— வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, இப்போதைக்கு யார் பக்கமும் பேசாதீர்கள். அந்த 42,000 எதற்கு என்று முதலில் கேளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ரீபோர் வேண்டும் என்று முடிவு செய்ய இன்னும் ஒரு சோதனைகூட நடந்த மாதிரி தெரியவில்லை. சூடானதும் நின்று ஆறியதும் கிளம்புகிற மோட்டாருக்குக் காரணம் நாலைந்து இருக்கலாம், அதில் சிலிண்டர் தேய்மானம் ஒன்றுதான். மற்றதெல்லாம் நூறு ரூபாயில் ஆரம்பித்துச் சில ஆயிரத்தில் முடிகிற வேலை.

நின்ற அந்த நிமிஷத்தில் என்ன நிலைமை என்று மச்சான் பார்த்துச் சொல்ல வேண்டும். பெட்ரோல் டியூபின் நடுவில் கையால் அமுக்குகிற ரப்பர் பல்ப் இருக்கிறதே, அது சப்பி உள்வாங்கிக் கிடந்தால் டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகை யாரோ மூடி வைத்திருக்கிறார்கள், அல்லது அந்த ஓட்டை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வராது. ஓட ஓட உள்ளே வெற்றிடம் கூடி மோட்டார் நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய் மறுபடி கிளம்பும். இதற்குச் செலவு திருகைத் திறப்பதுதான். இதற்காக மோட்டாரையே பிரித்தவர்கள் உண்டு என்றால் நம்ப மாட்டீர்கள்.

அடுத்தது தண்ணீர். மோட்டார் ஓடும்போது பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். அது நூல் மாதிரி வடிந்தாலோ, கை வைக்க முடியாத சூட்டில் வந்தாலோ உள்ளே குளிர்ச்சி போதவில்லை. தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கடல் வெகுதூரம் வரை ஆழமே இல்லை. அந்தச் சேற்றையும் மணலையும் சேர்த்து உறிஞ்சுகிற மோட்டாரில், தண்ணீரை மேலே ஏற்றுகிற ரப்பர் இம்பெல்லர் சீக்கிரம் மழுங்கிவிடும், இறக்கைகள் ஒரு பக்கம் வளைந்தபடியே விறைத்துப்போகும். வருஷம் ஒரு தடவை மாற்ற வேண்டிய பொருள் அது. கடைசியாக எப்போது மாற்றினான் என்று கேளுங்கள், பதில் வர நேரமானால் அதுவே பதில்.

தண்ணீரும் பெட்ரோலும் சரியாக இருந்து, நின்ற உடனே பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி வரவில்லை, ஆறின பிறகு வருகிறது என்றால், பொறி கொடுக்கிற காயிலோ, அதை இயக்குகிற மின்சாரப் பெட்டியான சி.டி.ஐ.யோ சூட்டில் கைவிடுகிறது. அதற்கும் ரீபோருக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி போனால்கூட இழுவை பாதியாகக் குறையும், ஆட்கள் "கம்ப்ரெஷன் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் உள்ள அமுக்கத்தை, வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த பைக் பட்டறையிலும் அந்த கேஜ் இருக்கும். மோட்டாரைச் சூடேற்றி, இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களைப் பாடியில் எர்த் கொடுத்துவிட்டு (இல்லாவிட்டால் சி.டி.ஐ. அடி வாங்கும்), ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து, ஊசி அதற்கு மேல் ஏறாத வரை கயிற்றை இழுக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதை விட, இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 110, 105 என்று காட்டினால் அந்த இன்ஜினின் தலையைத் திறக்கவே விடாதீர்கள். ஒன்று 110, இன்னொன்று 70 என்றால் மெக்கானிக் சொன்னது சரி, அந்த ஒரு சிலிண்டரில் பிஸ்டன் ரிங்கோ உள்சுவரோ போய்விட்டது. பிளக் நுனியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கரி கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், அதற்கு நடுவில் வெள்ளிப் பொடி மாதிரி மினுமினுத்தால் அது பிஸ்டனின் அலுமினியம்.

இவ்வளவும் பார்த்த பிறகு ரீபோர்தான் என்று வந்தால்கூட உடனே சரி சொல்லாதீர்கள். கடலில் ஓடிய மோட்டாரில் இன்ஜினைக் காட்டிலும் அதைச் சுமக்கிற உடம்புதான் முதலில் போகும். நான் வயதைப் போல்ட்டில்தான் பார்ப்பேன். அலுமினிய உடம்பில் ஸ்டீல் போல்ட், நடுவில் உப்புத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பானர் போட்டுத் திருப்பும்போது முதலில் ஒன்றும் நடக்காது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டித் திரும்பத் திருப்பினால் சற்றே அசைவது போல இருக்கும். மெக்கானிக் முகத்தில் சிரிப்பு வரும், அந்த நேரம் பார்த்து 'டக்' என்று தலை மட்டும் கையோடு வந்துவிடும். அப்புறம் உள்ளே மாட்டிய துண்டைத் துளை போட்டு எடுத்து, மரை போனதற்குப் புது மரை வைக்க வேண்டும். ஒன்று இரண்டு என்றால் செய்யலாம். வரிசையாக ஆறு ஏழு உடைந்தால் அந்தக் கூலியே பிஸ்டன் விலையைத் தாண்டிவிடும். ஆகவே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்: முதலில் எக்ஸாஸ்ட் கவரையும் தெர்மோஸ்டாட் மூடியையும் மட்டும் கழற்றிக் காட்டட்டும். அந்தப் போல்ட்டுகள் எப்படி வருகின்றன, உள்ளே தண்ணீர் ஓடும் வழி எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்த்தாலே மீதி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். அதற்கு ஒரு கூலி தனியாகப் பேசிக் கொடுத்துவிடுங்கள், அது வீண் செலவு இல்லை.

கீழே கியர் பாக்ஸில் அடித் திருகைக் கழற்றிக் கொஞ்சம் ஆயிலைக் கையில் விட்டுப் பாருங்கள். கருப்பாக இருந்தால் பரவாயில்லை, பழைய ஆயில். பால் காப்பி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் கலந்திருக்கிறது. சீல் மாற்றுவது பெரிய விஷயம் இல்லை, ஆனால் அந்தத் தண்ணீரோடு எத்தனை மாதம் ஓடியது என்பது பெரிய விஷயம். பேரிங்கும் கியர் பல்லும் துருப்பிடித்திருந்தால் அந்தச் செலவு 42,000க்குள் இருக்காது. அப்புறம், தண்ணீரில் முங்குகிற பகுதியில் ஒரு துத்தநாகக் கட்டி போல்ட் போட்டு வைத்திருப்பார்கள், மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைவதற்காக. அது தேயாமல் அப்படியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். யாரோ அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருப்பார்கள், அது கரையாத நாளெல்லாம் மோட்டார் கரைந்திருக்கும்.

பொதுவாகச் சொல்கிற கணக்கு, ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு என்பது. பம்ப்செட்டுக்கு நான் அதை ஒத்துக்கொள்வேன். கடல் மோட்டாருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக மாட்டேன், ஏனென்றால் பழைய உடம்பில் இன்று இன்ஜின், நாளை கியர், மறுநாள் காயில் என்று பில் வந்துகொண்டே இருக்கும். 42,000 என்று ஆரம்பித்தது 42,000இல் நின்று நான் பார்த்ததில்லை. உங்கள் கணக்கில் அது மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேதான் வருகிறது, ஆனால் கொஞ்சம்தான் கீழே.

செய்வது என்று முடிவானால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிஸ்டனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் அளவுக்குத்தான் போர் போட வேண்டும். முதலில் போர் போட்டுவிட்டு 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் தேடி அலைந்தால், அந்த மாடலுக்கு அது கிடைக்காமல் பிளாக்கே வீணாகும். இரண்டாவது, டூ ஸ்ட்ரோக் சிலிண்டர் சுவரில் ஜன்னல் ஜன்னலாக போர்ட் இருக்கும், போர் போட்ட பிறகு அந்த விளிம்புகளைச் சாய்வாக மழுக்கிவிட வேண்டும். டீசல் பிளாக் மட்டுமே போட்டுப் பழகிய லேத்காரர் இதை விட்டுவிடுவார், கூர்மையான விளிம்பில் ரிங் மாட்டி உடையும். ஆர்.எக்ஸ்.100 பைக் வேலை பார்த்துப் பழகியவரிடம் கொடுத்தால் சொல்லாமலே செய்வார். கிராங்க் சீலையும் வாட்டர் பம்பையும் கையோடு மாற்றச் சொல்லுங்கள். சூட்டினால் பிஸ்டன் தேய்ந்தது என்றால், சூட்டின் காரணத்தைச் சரி செய்யாமல் போடுகிற புதுப் பிஸ்டனும் அதே வழியில்தான் போகும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாமல் மச்சானிடம் கேளுங்கள்: பெட்ரோலோடு மண்ணெண்ணெய் கலக்கிறானா? மண்ணெண்ணெயில் ஓட என்றே கம்ப்ரெஷன் குறைத்துச் செய்த மோட்டார்கள் தனியாக உண்டு. பெட்ரோல் மோட்டாரில் செலவு மிச்சம் என்று கலந்தால் உள்ளே தட்டல் எடுத்து, கரி சேர்ந்து, ரிங் ஒட்டிக்கொள்ளும். அவன் கலக்கிறவன் என்றால் இதைச் செய்தாலும் போகும், புதுசு வாங்கிக் கொடுத்தாலும் போகும்.

புதுசு பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகிற பெட்ரோலில் கால்வாசி வரை எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாகப் போய்விடும், ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது இல்லை. தினம் ஓடுகிற படகுக்கு அந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதே சக்திக்கு ஃபோர் ஸ்ட்ரோக் எடை கூடுதல். பின்பலகை தாங்குமா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. தண்டு நீளமும் அப்படித்தான், 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவில் வரும், பழைய மோட்டாரை அளந்துகொண்டு கடைக்குப் போகச் சொல்லுங்கள். நாட்டுப்படகுக்கு மோட்டார் வாங்க அரசு மானியம் உண்டு, ராமநாதபுரத்தில் மீன்வளத்துறை அலுவலகத்தில் வாங்குவதற்கு முன்பே போய்க் கேட்கட்டும், வாங்கிவிட்டுப் பில்லோடு போய் நிற்க வேண்டாம்.

பணக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை. நாலு நாளில் ஒரு நாள் மோட்டார் நின்றால் வாரத்தில் கால்வாசி வருமானம் போச்சு. அதை விடப் பெரிது, எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்பது. வாடைக் காலத்தில் நடுக்கடலில் மோட்டார் நின்றால் நீரோட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று கடைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மச்சான் சொல்வான். அவன் புதுசு கேட்பதை ஆடம்பரம் என்று மாமனார் நினைத்தால் அதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

என் கணிப்பு? கேஜில் இரண்டும் சமமாக வந்தால் இம்பெல்லரும் காயிலும் மாற்றி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம், மாமனார் ஜெயித்தார். ஒரு சிலிண்டர் மட்டும் போய், போல்ட் எல்லாம் சமத்தாக வந்தால் ரீபோர். ஆனால் கம்ப்ரெஷனும் போய், போல்ட்டும் உடைந்து, கியர் ஆயிலும் வெளுத்திருந்தால் மச்சான் கேட்பதை வாங்கிக் கொடுங்கள். பழசைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள், அதே மாடல் வைத்திருப்பவர்கள் கவர், கார்புரேட்டர், ப்ரொப்பல்லர் என்று தனித்தனியாக நல்ல விலைக்கு எடுப்பார்கள்.

கேள்வி: வைகை அணையில் மீன் பிடிக்கிற சொந்தக்காரருக்காக ஒரு பழைய எவின்ரூட் மோட்டார் மலிவாகப் பார்த்து வைத்திருக்கிறேன். பரிசலில் கட்டலாமா?
— வாசகர், ஆண்டிபட்டி

பதில்: பரிசலில் கட்டினால் அவர் ஊருக்கே வேடிக்கை காட்டுவார். வட்டமான பரிசலுக்குப் பின்பலகையும் கிடையாது, நேராகப் போக அடியில் ஒரு பிடிப்பும் கிடையாது, விளிம்பில் மோட்டார் தள்ளத் தள்ளச் சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டை அடி பைபர் படகு இருந்தால்தான் மோட்டார் பேச்சு. அதற்கும் முதலில் அணையில் மோட்டார் ஓட்ட அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

எவின்ரூட் நல்ல பெயர்தான், 1909இலிருந்து விற்ற கம்பெனி, ஆனால் 2020இல் அந்த மோட்டார் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இம்பெல்லர், பிளக், சீல் மாதிரி எல்லோரும் செய்கிற சாமான் கிடைக்கும், மின்சாரச் சாமானும் கியரும் கேட்டால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். மலிவு என்பது வாங்குகிற அன்றைக்கு மட்டும். நல்ல தண்ணீரில் மட்டுமே ஓடிய மோட்டார் என்றால் உடம்பு அரிக்காமல் இருக்கும், அது ஒன்றுதான் அதன் பக்கம் உள்ள நியாயம். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி, கோடையில் அது இறங்கி வண்டல் தெரிகிற மாதங்களில் இம்பெல்லர் அங்கேயும் தேயும்.

கேள்வி: அண்ணே, வணக்கம். மண்டபத்தில் அப்பா படகு ஓட்டுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. மோட்டார் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. அண்ணன்மார் இரண்டு பேரும் பழைய இரும்புக்குப் போடலாம் என்கிறார்கள். அப்பாவுக்கு மனசில்லை. கிளப்பிப் பார்க்கலாமா?
— வாசகி, வில்லாபுரம், மதுரை

பதில்: தங்கச்சி, கிளப்பிப் பார்க்கலாம், ஆனால் யாரும் ஆர்வத்தில் கயிற்றை இழுத்துவிட வேண்டாம். இரண்டு வருஷமாகக் காய்ந்த சிலிண்டரில் ரிங் ஒட்டியிருந்தால் அந்த முதல் இழுப்பிலேயே சுவரில் கீறல் விழும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள். மறுநாள் மேலே உள்ள சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், வலப்பக்கமாக மட்டும், இடப்பக்கம் சுற்றினால் இம்பெல்லர் மடங்கும். சுற்றினால் பாதி நிம்மதி.

டாங்கில் மிச்சம் இருக்கிற பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிடுங்கள். 2022 ஜூனிலேயே நம் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது, 2025இல் அது 20 ஆனது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், கடலோரக் கொட்டகையில் கேட்கவே வேண்டாம். ஒரு அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் படிந்துவிடும், டூ ஸ்ட்ரோக்குக்காகப் பெட்ரோலில் கலந்து வைத்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மோட்டாரின் டியூப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். ஆக, ஆயிலே இல்லாத தண்ணீரைக் குடித்துக்கொண்டு பிஸ்டன் ஓடும். டியூப், பல்ப் இரண்டையும் மாற்றிவிடுங்கள், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுங்கள். இம்பெல்லரைப் பார்க்கவே வேண்டாம், புதுசு போடுங்கள். தண்ணீர் பீய்ச்சும் ஓட்டையில் குளவி மண் வைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்தி எடுங்கள். பிறகு ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ப்ரொப்பல்லருக்கு மேல் உள்ள தகடு முங்குகிற அளவுக்கு இறக்கி ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் சும்மா ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டுகிறேன் என்று அண்ணன் சொன்னால் விடாதீர்கள், அந்த நிமிஷத்தில் புது இம்பெல்லர் கருகிவிடும்.

ஓடினால் இரும்பு விலைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஓடுகிற மோட்டார் என்று காட்டி விற்கலாம், அல்லது அப்பா இஷ்டப்படி வைத்திருக்கட்டும், சண்டை இல்லை.

கேள்வி: மோட்டாரை மதுரைக்கு போர் செய்யக் கொண்டுவர வேண்டும். பஸ்ஸில் ஏற்றுவார்களா? படுக்கவைத்துக் கொண்டுவரலாமா?
— வாசகர், தொண்டி

பதில்: டாங்கோடு கொண்டுபோனால் எந்த கண்டக்டரும் ஏற்ற மாட்டார், ஏற்றவும் கூடாது. டாங்கை வீட்டில் வைத்துவிட்டு, கார்புரேட்டரில் உள்ளதையும் வடித்துவிடுங்கள், வாசனை வந்தாலே இறக்கிவிடுவார்கள். முழு மோட்டாரையும் தூக்கி வர வேண்டிய அவசியமும் இல்லை, பவர் ஹெட்டை (மேலே உள்ள இன்ஜின் பகுதியை) மட்டும் கழற்றத் தெரிந்தவர் அங்கே இருந்தால் அதைச் சாக்கில் கட்டி மாட்டுத்தாவணியில் இறங்கினால் போதும். முழுசாகத்தான் வர வேண்டும் என்றால் வேனில், நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். படுக்கவைத்தே ஆக வேண்டும் என்றால் இன்ஜின் தலை எப்போதும் கியர் பாக்ஸை விட உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எக்ஸாஸ்டில் தங்கிய உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கிளம்புவதற்கு முன் நல்ல தண்ணீரில் ஒரு பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்தால் பட்டறைக்காரர் போல்ட் கழற்றும்போது உங்களைத் திட்ட மாட்டார்.